பல்கலைக்கழகமும் மக்கள் கலைக்கூடமும்: கேமரன் மலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

கலை மக்களுக்கே உரியது என்னும் கூற்றை மறுப்பார் எவருமிலர். ஆனால் கலையை வளர்ப்பதற்கென எழுப்பப்படும் கூடங்கள் எவ்விடத்தில் எழுகின்றன, அவற்றின் வாயிலுக்கு யார் வந்து சேர முடிகிறது, உள்ளே கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவார் சிலரே. இவ்வினாக்களைக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்ப்பள்ளி மாணவர்க்கான பேச்சுப்போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். தலைப்பு, 'நம் கலைகளைக் காப்போம்' என்பது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவி தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் பற்றித் தங்குதடையின்றிப் பேசினாள். உச்சரிப்பில் பிழையில்லை, கையசைவிலும் குறையில்லை. முதற்பரிசு அவளுக்கே என்று நான் ஒப்பமிட்டேன். பரிசளிப்பு முடிந்தபின், அவளை அழைத்துவந்த பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அம்மூதாட்டி கொழுந்து பறித்த காலத்தில் நிரையில் பாடிய பாட்டுகளில் இரண்டினை மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். பேத்தி வியப்புடன் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாட்டி, உங்களுக்குப் பாடத் தெரியுமா?" என்று அவள் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. அக்கேள்விக்குக் குற்றவாளி அச்சிறுமி அல்லள். மனப்பாடப் பேச்சுக்கு முதற்பரிசு அளித்த என் போன்றோரே அக்குற்றத்திற்குரியவர்.

மலையும் மக்களும்

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் அதற்குரிய பழைய பாதை பேரா மாநிலத்துத் தாப்பாவிலிருந்தே ஏறுகிறது. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளவாய்வு செய்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. இத்தோட்டங்களில் காடழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்து வாழ்ந்தவர்களில் தமிழர்களின் பங்கு பெரிது. ரிங்லெட், தானா ராத்தா ஆகிய சிற்றூர்களிலும் தோட்டங்களின் உள்ளேயும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தமைக்கு இம்மக்களின் உழைப்பே காரணம்.

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ரப்பர் மரத்திற்குக் கிடைத்த இடம் தேயிலைச் செடிக்குக் கிடைக்கவில்லை என்பது கண்கூடு. பால்மரம், உளி, மங்கு, விடியற்காலைப் பெரட்டு ஆகியவை நம் சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அகிலனின் 'பால்மரக்காட்டினிலே' எனும் புதினமும் அவ்வுலகையே களமாகக் கொண்டது. தேயிலை வாழ்வைக் காண விரும்பும் மாணவன் இலங்கை மலையகத்தையே நாட வேண்டியவனாகிறான். அங்கே கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் புதினம் உண்டு. தோட்டமக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் உண்டு. தமிழகத்து வால்பாறை வாழ்வை, பி. எச். டேனியலின் ஆங்கில நூலுக்கு இரா. முருகவேள் செய்த மொழிபெயர்ப்பான 'எரியும் பனிக்காடு' நமக்குக் காட்டுகிறது. நம் நாட்டுத் தேயிலை மலைக்கோ அத்தகைய பரந்த எழுத்துப் பதிவு இல்லை. ஆகவே, இம்மலையின் வரலாறு பெரும்பாலும் முதியோரின் நினைவிலும் நாவிலுமே தங்கியிருக்கிறது. நாவில் மட்டும் தங்கிய வரலாறு, நா அடங்கும்போது தானும் அடங்கிவிடும்.

கூடம் என்னும் கருத்து வளர்ந்த விதம்

பல்கலைக்கழகம் தன் மதிலைத் தாண்டி மக்களிடையே கலையும் கல்வியும் வளர்க்கும் நிலையம் அமைப்பது புதிய கருத்தன்று. 1884ஆம் ஆண்டில் இலண்டனின் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில் டாயின்பி மண்டபம் திறக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் அங்கேயே தங்கி வகுப்புகள் நடத்தினர். கற்றவன் கல்லாதவனின் அண்டை வீட்டானாக வாழ வேண்டும் என்பதே அதன் அடிப்படை. போற்றத்தக்க எண்ணம்தான். ஆயினும், பண்பாடு என்பது கற்றவனிடம் நிறைந்தும் ஏழையிடம் குறைந்தும் கிடக்கிறது என்னும் எண்ணம் அதன் அடியில் ஓடியதை மறுத்தற்கில்லை.

தாகூர் இவ்வெண்ணத்தை வேறு திசையில் திருப்பினார். 1921இல் விசுவபாரதியை நிறுவிய அவர், அடுத்த ஆண்டிலேயே அருகிலிருந்த சுருல் என்னும் சிற்றூரில் ஊரகச் சீரமைப்புக்கான நிலையத்தைத் தொடங்கினார். அதுவே ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றது. ஏர் பூட்டுவதும் மரம் நடுவதும் அங்கே பாடலோடும் சடங்கோடும் கூடிய கலைவிழாக்கள் ஆயின. தமிழகத்தில் 1947இல் தோன்றிய காந்திகிராமமும் பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது ஊரோடு கொண்ட உறவைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. உழைப்பும் கலையும் வெவ்வேறு அறைகளில் இருக்க வேண்டியவை அல்ல என்பதே இவ்விரு முயற்சிகளும் நமக்குத் தரும் பாடம்.

பேராதனை தந்த பெருமையும் எழுப்பிய வினாவும்

தமிழுலகில் இப்பொருள் குறித்துச் சிந்திப்போர் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் கடந்து செல்ல இயலாது. அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' அரங்கேறியது. அதனைத் தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியன மேடை கண்டன. நாகரிகமற்றது என்று நகரத்தார் ஒதுக்கிய ஆட்டத்தைப் பட்டதாரி மாணவர்கள் அண்ணாவியாரிடம் பணிந்து கற்று ஆடினர். கூத்துக்கு இதனால் கிடைத்த மதிப்பு சிறிதன்று.

ஆயினும் திறனாய்வாளன் இவ்விடத்தில் நின்று நோக்க வேண்டும். வட்டக் களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. ஊரார் சூழ்ந்திருந்து தம் பிள்ளையின் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்த நிகழ்ச்சி, நுழைவுச்சீட்டோடு வந்தவர் அமைதியாக அமர்ந்து காணும் நிகழ்ச்சியாயிற்று. கலைக்குப் புகழ் சேர்ந்தது; அக்கலையை ஈன்ற ஊருக்கு என்ன சேர்ந்தது என்னும் வினா எஞ்சியது.

இவ்வினாவுக்கு விடை தேடியோர் பின்னர் அம்மண்ணிலேயே தோன்றினர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கிய 'மூன்றாவது கண்' குழுவினரும் மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டனர். கூத்தைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, பல்கலைக்கழகத்தார் கூத்துக் களரிக்குச் சென்றனர். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதனை ஊராரே கூடிப் பேசி முடிவு செய்யும் முறை அது. வித்தியானந்தனின் பணி இல்லையேல் இரண்டாவது முயற்சிக்கு இடமே இருந்திராது என்பதும், இரண்டாவது முயற்சி இல்லையேல் முதற்பணி பாதி வழியில் நின்றிருக்கும் என்பதும் என் துணிபு.

பினாங்கு நகரின் நடுவே

நம் நாட்டிலேயே கருதத்தக்க முன்மாதிரி ஒன்றுண்டு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையில் பணியாற்றிய ஜேனட் பிள்ளை, 1999ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் டவுனின் பழைய நகர்ப்பகுதியில் சிறுவர்க்கான கலைக்கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். 'ஆனாக் ஆனாக் கோத்தா', அதாவது 'நகரத்துப் பிள்ளைகள்' என்பது அதன் பெயர். அதனை நடத்திய ஆர்ட்ஸ் எட் அமைப்பு பல்கலைக்கழகத்தின் நேரடிக் கிளை அன்று. எனினும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் அறிவும் உழைப்பும் கடைத்தெருவுக்கு இறங்கி வந்ததற்கு அது தக்க சான்று.

அம்முயற்சியின் சிறப்பு அதன் முறையில் உள்ளது. அங்கே பிள்ளைகளை வரிசையில் அமர்த்தி, 'இதுவே உங்கள் மரபு' என்று எவரும் சொற்பொழிவாற்றவில்லை. பிள்ளைகள் தாமே தெருவில் இறங்கினர். கைவினைஞரிடமும் கடைக்காரரிடமும் முதியோரிடமும் வினவினர், கேட்டதைக் குறித்தனர், ஒலியையும் வடிவத்தையும் பதிந்தனர், பின்னர் அவற்றிலிருந்து நாடகமும் ஆட்டமும் கைப்பொருளும் ஆக்கினர். கலை அங்கே முடிவாக மட்டும் இல்லை. வினவுவதற்குரிய வழியாகவும் இருந்தது. ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது கட்டடங்களின் பெருமை பேசப்பட்டது. அக்கட்டடங்களில் வாழ்ந்த மனிதரின் நினைவையும் மரபுடைமையாகக் கருதிய முயற்சி அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அங்கு தொடங்கிவிட்டது. நகரோடு நில்லாமல், தீவின் மறுபுறத்தில் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த பாலிக் பூலாவ் பகுதிக்கும் அவ்வமைப்பு தன் பணியைக் கொண்டுசென்றது. எனவே, 'இம்முறை நகரத்திற்கே பொருந்தும். தோட்டத்திற்குப் பொருந்தாது' என்று தட்டிக்கழிக்க இடமில்லை.

மலையிலிருந்து இறங்குவன, மலைக்கு ஏறாதன

இனி நம் மலைக்கு வருவோம். கேமரன் மலையிலிருந்து தேயிலை இறங்குகிறது, காய்கறி இறங்குகிறது, பூ இறங்குகிறது. மலையின் பெயரும் இறங்கியது. தேயிலை நிறுவனமொன்றின் ஆதரவில் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தொடங்கிய போ கேமரோனியன் கலை விருதுகள், கோலாலம்பூரின் நாடக, நடன, இசைக் கலைஞர்களை ஊக்குவித்தன. அவ்விருதை நான் குறை கூற வரவில்லை. கலைக்குப் பொருள் ஈவோர் அருகிவரும் காலத்தில் அது பாராட்டத்தக்கதே. எனினும், மலையின் பெயர் தாங்கிய மேடை தலைநகரில் ஒளிவீச, அம்மலையில் கொழுந்து பறித்தோரின் பாட்டுக்கு ஒரு கூடமும் எழவில்லையே என்னும் எண்ணம் தோன்றாமலில்லை. இஃது ஒரு நிறுவனத்தின் குறையன்று. கலை என்றால் நகரம் என்று பழகிவிட்ட நம் அனைவரின் மனக்குறை.

பல்கலைக்கழகங்களும் மலையிலிருந்து பெற்றுக்கொள்ளவே பழகியுள்ளன. 1956ஆம் ஆண்டில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. 1966இல் கோலாலம்பூரில் நடந்தேறிய முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு, அத்துறையை வழிநடத்திய தனிநாயகம் அடிகளார் ஆற்றிய பணி வரலாற்றில் நிலைபெற்றது. மாணவர் பேரவையின் சிறுகதைப் போட்டிகள் எத்தனையோ எழுத்தாளர்களை ஊக்குவித்தன. ஆனால் ஆய்வு மாணவன் ஒருவன் தோட்டத்திற்கு வருகிறான்; பாட்டியிடம் பாடலைப் பதிகிறான்; ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறான்; பட்டம் பெறுகிறான். அப்பாடல் நூலகத்து அடுக்கில் உறங்குகிறது. பாடியவரின் வீட்டில் அதன் படி ஒன்றுமில்லை. அவருடைய பேத்தி படிக்கும் பள்ளியிலும் இல்லை. கொழுந்தைக் கொய்து கூடையில் இட்டுச் செல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எதிர்வாதங்கள்

இவ்விடத்தில் மூன்று மறுப்புகள் எழக்கூடும். அவற்றை நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் கடனாகும்.

முதலாவது, தோட்டத்தில் இப்போது தமிழர் எத்தனை பேர் என்பது. நியாயமான கேள்விதான். வங்காள தேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் இன்று கொழுந்து பறிக்கின்றனர். கைகளால் பறித்த காலம் போய்க் கத்தரியும், இருவர் ஏந்திச் செல்லும் பறிப்பு இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வி பெற்று நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அது வரவேற்க வேண்டிய உயர்வே. ஆனால் இக்காரணத்தாலேயே பணி விரைவு பெற வேண்டும். இயந்திரத்தின் ஓசையில் நிரைப்பாட்டு எழாது. கைப்பறிப்புக் காலத்தை நினைவில் வைத்திருப்போர் முதுமையின் விளிம்பில் நிற்கின்றனர். இன்னும் ஒன்று: புதிதாக வந்த தொழிலாளிக்கும் ஊர் விட்டு ஊர் வந்த துயர் உண்டு, பாட்டும் உண்டு. நம் முன்னோரின் துயரைப் பாடமாக்கும் கூடம் அவனுக்குக் கதவடைத்தால், அப்பாடத்தை நாமே கற்கவில்லை என்றாகும். இம்மலையின் மூத்த குடிகளான செமாய் மக்களுக்கும் அங்கே இடமிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, லயத்து வாழ்வில் போற்றுதற்கு என்ன இருக்கிறது என்பது. வறுமையும் கள்ளும் கங்காணியின் அதட்டலும் நிறைந்த வாழ்வை அழகுபடுத்திக் காட்டுதல் பொய்யாகும் என்பர். உண்மை. பறை என்றும் தப்பு என்றும் வழங்கும் கருவியை இழவு வீட்டோடும் சாதியோடும் பிணைத்துப் பார்த்து, தம் பிள்ளை அதனைத் தொடலாகாது என்று எண்ணும் பெற்றோரும் உளர். அவர்கள் பட்ட இழிவு அவர்களை அவ்வாறு எண்ணச் செய்தது. எனவே கூடம் செய்ய வேண்டியது புகழ்பாடுதல் அன்று. உள்ளதை உள்ளவாறு வினவுதல். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பனியில் ஏறிய தாயின் கதையில் பாட்டும் உண்டு, பசியும் உண்டு. இரண்டையும் ஒருசேரச் சொல்லுவதே கலை.

மூன்றாவது, பள்ளியும் கோயிலும் இருக்கக் கூடம் எதற்கு என்பது. பள்ளி தேர்வுக்குக் கட்டுப்பட்டது. கோயில் திருவிழாவுக்கும் சமயத்திற்கும் உரியது. தேர்வும் இல்லாமல், மதவேறுபாடும் இல்லாமல், முதியவரும் சிறுவரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் பொதுவிடம் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அவ்விடத்தைப் பல்கலைக்கழகம் தாங்கினால், அதற்கு ஆய்வின் ஒழுங்கும் நீடித்த ஆயுளும் கிட்டும்.

செய்யத்தக்கன

பெருமாளிகை எதுவும் வேண்டுவதில்லை. தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ கடைத்தெருவில் ஒரு கடைவீடு போதும். பேருந்தில் வந்திறங்கும் பிள்ளை நடந்தே அடையக்கூடிய இடமாக அஃது இருத்தல் வேண்டும். தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமில், தாப்பாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. அங்குப் பயிலும் நாளைய ஆசிரியர் ஒவ்வொருவரும் சில வாரங்கள் இக்கூடத்தில் தங்கிப் பணியாற்றுவாராயின், நூலில் படித்த நாட்டார் வழக்காற்றியல் அவருக்கு உயிருள்ள பாடமாகும்.

ஆனால் நான்கு விதிகளை அக்கூடம் தன் அடித்தளமாகக் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, மலையில் பதிந்த எந்தப் பாடலும் கதையும் படமும் மலையில் ஒரு படி இல்லாமல் கீழே இறங்கலாகாது. இரண்டு, பாடும் மூதாட்டி தகவலாளர் அல்லர், ஆசிரியர். ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் அவருக்கு உண்டு. மூன்று, வினவுவோர் பிள்ளைகளாக இருத்தல் வேண்டும்; பல்கலைக்கழகத்தார் அவர்களுக்குத் துணை நிற்போராக மட்டும் இருத்தல் வேண்டும். நான்கு, ஆக்கிய கலை முதலில் தோட்டத்தில் அரங்கேற வேண்டும். நகரத்து மேடை அதன்பின் வரலாம். பேராதனையின் பெருமையையும் சீலாமுனையின் தெளிவையும் பினாங்கின் முறையையும் ஒருங்கே கற்றுக்கொண்டோம் என்பதற்கு இந்நான்கு விதிகளே சான்றாகும்.

கூடம் எழும்வரை ஆசிரியர்கள் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. கட்டுரைப் பாடத்தில் 'என் பாட்டியின் ஒரு வேலைநாள்' என்றொரு தலைப்பைக் கொடுக்கலாம். விடையை நூலில் தேட முடியாத தலைப்பு அது. பிள்ளை வீட்டுக்குச் சென்று கேட்டே ஆக வேண்டும். கேட்கும் பிள்ளைக்கு மொழி வளரும். சொல்லும் முதியவருக்குத் தம் வாழ்வு வீணன்று என்னும் நிறைவு வளரும்.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாக உயர்ந்துவிடும். கை எட்டும் உயரத்தில் அதனை நிறுத்தவே ஆண்டுகள் சில கழிந்ததும் கவ்வாத்து வெட்டுகிறார்கள். கலைக்கூடமும் அவ்வாறே. உயர உயரப் போவதன்று அதன் பெருமை. எளியவரின் கைக்கு எட்டுவதே அதன் பெருமை. அன்று நான் நடுவராக அமர்ந்த போட்டி இனியும் நடைபெறும். அடுத்த முறை ஒரு மாணவி மேடையேறி, தன் பாட்டி நிரையில் பாடிய பாட்டு எதைச் சொல்கிறது, ஏன் அதனைப் பாடினார் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னாலும் போதும். முதற்பரிசு யாருக்கு என்பதில் எனக்கு ஐயம் இராது.